400 பேருக்கு ஒரு கடல்

சுற்றுலாத் தலம் என்றால் தன்னைப் பற்றி என்ன விளம்பரம் செய்யும்? நீலக் கடல், வெள்ளைப் பாறை, ஆளரவமே இல்லாத கரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் ஒரு பெண். தெற்கு பிரான்ஸில் இருக்கும் கலாங்க் தேசியப் பூங்கா 2021-ல் இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. துண்டு விரிக்கக்கூட இடமில்லாமல் பாறைமேல் நெருக்கியடித்துக் கிடக்கும் கூட்டத்தின் படங்களைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. ஏற்றம் கடினம், கரை குறுகல், நெரிசல் அதிகம் என்று தன் குறைகளைத் தானே பட்டியல் போட்டது. வரவேண்டாம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால், படித்தவருக்குப் புரிந்திருக்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. 2020-ல் கொரோனா முடக்கம் தளர்ந்ததும், வெளிநாடு போக முடியாத பிரெஞ்சுக்காரர்கள் மொத்தமாக உள்ளூர்க் கடற்கரைகளுக்குக் கிளம்பினார்கள். பாதிப் பேரின் கைபேசியில் அதே நான்கைந்து படங்கள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று சுஜித்தோன். மார்சேய் நகரப் பேருந்தில் ஏறி லூமினி பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே சுமார் ஒரு மணி நேரம் நடந்தால் வந்துவிடும் சின்னஞ்சிறு கடல் மூலை. கோடையின் உச்சத்தில் அங்கே ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்து குவிந்தார்கள்.

அத்தனை கால்களும் மிதித்ததில் சரிவின் மண் இளகிக் கடலுக்குள் போனது. அலெப்போ பைன் மரங்களின் வேர்கள் வெளியே வந்து நின்றன. வெயில் கொளுத்தும் சரிவில் மண் போனால் மரம் நிற்காது, மரம் போனால் மிச்ச மண்ணும் நிற்காது. 2022 கோடையில் பூங்கா நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. உச்ச நாட்களில் சுஜித்தோனுக்கு 400 பேர் மட்டும். முன்பதிவு கட்டாயம், கட்டணம் இல்லை. நடைவழியின் தலைமாட்டில் ஊழியர்கள் நின்று கைபேசியில் க்யூஆர் குறியீட்டைச் சரிபார்ப்பார்கள். குறியீடு இல்லாமல் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் 68 யூரோ அபராதம்.

இந்த 400 என்ற எண்ணை ஒட்டித்தான் எங்கள் பயணம் முழுக்க வாக்குவாதம் நடந்தது.

பாரிஸ் புறநகர்களில் வாழும் சில தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஒன்றுசேர்ந்து எங்காவது நடக்கப் போவது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், புதுச்சேரி, காரைக்கால் வேர் கொண்டவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைகள். கூட்டத்தில் மூத்தவர், அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு புதுச்சேரிக்காரர். அவருடைய அப்பா 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். விமானப் பயணம் பரவலாவதற்கு முன்பு புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போனவர்கள் சூயஸ் வழியாகக் கப்பலில் வந்து இறங்கியது மார்சேயில்தான். அவர் அப்பாவும் அப்படித்தான் வந்தார். "மொதமொதல்ல எங்கப்பா பாத்த பிரான்ஸ் இந்த வெள்ளப் பாறதான்" என்று துறைமுகத்தில் நின்று கை காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில்தான் நாங்கள் மறுநாள் நடக்க இருந்தோம்.

நடக்க விடவில்லை. ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய இந்த மலைக்குள் போகலாமா கூடாதா என்பதை மாவட்ட அரசு நிர்வாகம்தான் சொல்லும். முந்தின நாள் மாலை வரைபடம் வெளிவரும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்றால் போகலாம். சிவப்பு என்றால் வாசலோடு சரி. எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. மிஸ்த்ரால் கிளம்பிவிட்டது என்றார் விடுதிக்காரர். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி வரும் வறண்ட காற்று அது. வானம் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒரு பொறி விழுந்தால் போதும். 1990 ஆகஸ்டில் பிடித்த தீ இந்த மலைத்தொடரில் சுமார் 3,500 ஹெக்டேரை எரித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. 2025 ஜூலையில் நகரின் வடக்குப் பக்கம் மூண்ட தீ, மார்சேய் வீதிகளுக்குள்ளேயே வந்து விமான நிலையத்தை மூட வைத்தது. பூங்காவுக்குள் புகைபிடிக்க வருடம் முழுக்கத் தடை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

"லீவு போட்டு, டிக்கெட் போட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று முணுமுணுத்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்த, துறைமுகத்துக்கு அருகிலிருக்கும் கொஸ்கேர் குகைக்குக் கூட்டிப் போனார்கள். அசல் குகை இல்லை, நகல். 2022 ஜூனில் திறந்தது. அசலுக்குள் பொதுமக்கள் போக முடியாது. மோர்ஜியூ முனைக்கு அடியில், கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே இருக்கிறது அதன் வாசல். அங்கிருந்து நூறு மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள்ளேயே சுரங்கம் ஏறிப் போனால்தான் காற்றுள்ள கூடம் வரும். ஆழ்கடல் மூழ்காளர் ஆன்றி கொஸ்கேர் 1985-ல் அதைக் கண்டுபிடித்தார், வெளியில் சொல்லவில்லை. 1991 செப்டம்பரில் மூன்று மூழ்காளர்கள் அந்தச் சுரங்கத்தில் வழி தவறி இறந்த பிறகுதான் அரசிடம் அறிவித்தார்.

உள்ளே சுவரில் குதிரைகள், காட்டெருமைகள், கடல்நாய்கள், பென்குவின் போலிருக்கும் பெரிய ஆக் பறவைகள். அந்தப் பறவையினம் 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலிருந்தே அழிந்துவிட்டது. 27,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ பாறையில் கையை வைத்து, சுற்றிலும் சாயம் ஊதிப் பதித்த கைத்தடங்களும் இருக்கின்றன. அவர்கள் நடந்தேதான் அந்தக் குகைக்குள் போனார்கள். அப்போது கடல் இன்றைய கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருக உருகக் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் ஏறியது. குகை வாசல் மூழ்கியது. ஆறுகள் வெட்டி வைத்திருந்த பள்ளத்தாக்குகளுக்குள்ளும் உப்புத் தண்ணீர் ஏறி நிறைந்தது. கலாங்க் என்று இன்று நாம் படம் எடுக்கும் குறுகிய கடல் மடிப்புகள் அப்படி வந்தவைதான். நாங்கள் நீந்தப் போவது ஒரு பழைய ஆற்றுப் படுகையின் மேல்.

கடல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. குகைச் சுவரில் கீழ்வரிசைக் குதிரைகளைத் தண்ணீர் தொட்டுவிட்டது. நகல் குகையை அவசரமாகக் கட்டி முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்று அடங்கி வரைபடம் நிறம் மாறியதும், விடிகாலையிலேயே கஸ்ஸி ஊருக்குக் கிளம்பினோம். சுஜித்தோனுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை. கஸ்ஸியிலிருந்து அன்-வோ என்ற கடல் மடிப்பு வரை போகும் பாதைக்கு முன்பதிவு தேவையில்லை. பேருந்தில் பெரியவர், "காசிக்குப் போனாலும் கருமம் தொலையாதும்பாங்க. கஸ்ஸிக்குப் போனா தொலையுதான்னு பாப்போம்" என்றார். பிள்ளைகளுக்கு அதை மொழிபெயர்த்துச் சிரிக்க வைப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

முதலில் வருவது போர்-மியூ. ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே நீளும் கடல் மடிப்பு, இருபுறமும் பாய்மரப் படகுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இதன் பாறைக்கு அடியிலிருந்து ஒரு நிலத்தடி ஆறு கடலில் வந்து கலக்கிறது. மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால், பாறை முகத்தில் வெட்டுத் தடங்கள் தெரியும். இது கல் குவாரி. கஸ்ஸிக் கல் மத்தியதரைக்கடலின் பல துறைமுகங்களுக்குக் கப்பலில் போனது. பிறகு சோல்வே என்ற ரசாயன நிறுவனம் சோடா தயாரிப்புக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டியது. 1980-களின் தொடக்கம் வரை இங்கே வெடிச்சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகவேண்டும். 1910-ல் குவாரி அன்-வோ பக்கம் விரியப் போகிறது என்று செய்தி பரவியது. அப்போது எதிர்த்துக் கிளம்பியவர்கள் அரசியல் கட்சிக்காரர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நடைபயணக்காரர்கள். 1897-ல் தொடங்கிய மார்சேய் நடைபயணச் சங்கம் முன்னால் நிற்க, அந்த மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் இதே பாதையில் நடந்து வந்து கூடினார்கள். இயற்கையைக் காக்க பிரான்ஸில் நடந்த முதல் பெரிய ஆர்ப்பாட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். அன்-வோ தப்பியது. தேசியப் பூங்கா என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்க மேலும் நூறு வருடம் ஆனது. 2012 ஏப்ரலில்தான் அரசாணை வந்தது. நிலத்தில் சுமார் 8,500 ஹெக்டேர், கடலில் 43,000 ஹெக்டேருக்கு மேல்.

ஆக, கூட்டமாக நடந்து வந்தவர்கள்தான் இந்தக் கரையைக் காப்பாற்றினார்கள். இன்று கூட்டமாக நடந்து வருகிறவர்களிடமிருந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பூங்காவுக்கு இப்போது ஆண்டுக்கு 30 லட்சம் பேர் வரை வருவதாகக் கணக்கு சொல்கிறார்கள்.

அடுத்த மடிப்பான போர்-பன் சேரும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை, சில்வண்டுகள் காதைத் துளைக்க ஆரம்பித்துவிட்டன. சின்னக் கரை, பின்னால் பைன் நிழல், முன்னால் ஆழம் குறைந்த பச்சைத் தண்ணீர். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதற்கு மேல் போகாமல் இங்கேயே தங்கிவிடலாம். கரையோரம் பழுப்பு நிறத்தில் காய்ந்த இலைகள், நாடா நாடாவாகக் குவிந்து கிடந்தன. நடுநடுவே எலுமிச்சை அளவில் நார் உருண்டைகள். "உவ்வே, குப்பை" என்று ஒரு பிள்ளை காலால் தள்ளினாள். குப்பை இல்லை, பொசிடோனியா. பாசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேரும் தண்டும் பூவும் உள்ள தாவரம் அது, மத்தியதரைக்கடலில் மட்டுமே வளர்வது. கடலடியில் அது புல்வெளியாகப் படர்ந்தால்தான் மீன் குஞ்சுகளுக்கு மறைவிடம் கிடைக்கும். உதிர்ந்த இலைகள் கரையில் மெத்தையாகக் குவிந்து அலை அரிப்பைத் தடுக்கும். அலை உருட்டி உருட்டித் திரட்டிய அதன் நார்கள்தான் அந்த உருண்டைகள். 1988-லிருந்து பிரான்ஸில் சட்டப் பாதுகாப்பு பெற்ற செடி. உல்லாசப் படகின் நங்கூரம் ஒரு நிமிடத்தில் கிழித்தெறியும் புல்வெளி மீண்டும் மூட எத்தனையோ வருடங்கள் பிடிக்கும். அந்தப் பிள்ளை ஒரு உருண்டையை எடுத்துப் பிய்த்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அங்கிருந்து மேட்டில் ஏறி, ஒரு பிளவுக்குள் இறங்கினால் அன்-வோ. எழுதுவதற்கு ஒரு வரி, இறங்குவதற்குப் பெரும்பாடு. லட்சக்கணக்கான செருப்புகள் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்புப் பாறை மெருகேறிக் கிடக்கிறது. கொஞ்சம் மண்தூள் மேலே இருந்தால் கால் நிற்காது.

"என்னப்பா இது, கண்ணாடி மாதிரி வழுக்குது. பாத்து வாங்கோ அண்ணை, அந்தக் கல்லில கால் வைக்காதேங்கோ" என்று முன்னால் போன யாழ்ப்பாணத்து அம்மா குரல் கொடுத்தார்.

"என்ன நான் பாத்துக்கறேம்மா, நீ புள்ளைய புடி" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்தே இரண்டு படி இறங்கினார். அதுதான் சரியான முறையும்கூட. கடற்கரைச் செருப்போடு வந்த ஓர் ஐரோப்பிய இளைஞர் எங்கள் கண்முன்னே சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

கீழே வந்து நிமிர்ந்தால் இருபுறமும் செங்குத்துச் சுவர், நடுவில் தண்ணீர். சுவரில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்கள் பாறையேறிகள். 1950-ல் அன்னபூர்ணா சிகரத்துக்குப் போன பிரெஞ்சுக் குழுவில் இருந்த கஸ்தோன் ரெபூஃபா மார்சேய்க்காரர். இமயமலைக்குப் போன அந்த மனிதர் ஏறப் பழகியது இந்தக் கடலோரப் பாறைகளில்.

தண்ணீரின் நிறத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. படங்களில் பார்ப்பது போலவேதான் இருக்கிறது. படங்களில் தெரியாதது குளிர். முதலில் குதித்தவன் பதினைந்து வயதுப் பையன். தலை மேலே வந்ததும் கத்தவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. மூச்சு திரும்பியதும்தான், "ஐயோ, செத்தன்!" என்று சுத்தத் தமிழில் அலறினான். அதுவரை அவன் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை.

வெளியே வெயில் 32 டிகிரி. தண்ணீர் 16-ஐத் தாண்டியிருக்காது. இதுவும் மிஸ்த்ரால் வேலைதான். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது மேலே மிதக்கும் சூடான தண்ணீரை அப்படியே அள்ளித் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப அடி ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். 25 டிகிரியில் இருந்த கடல் ஓரிரு நாளில் 15-க்கு விழுந்துவிடுவது இங்கே புதிதில்லை. காற்று நின்றாலும் தண்ணீர் உடனே சூடேறாது. நடந்து வியர்த்த உடம்போடு இதில் திடீரென்று பாய்ந்தால் மூச்சு தானாக இழுக்கும், அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. முகம், கழுத்து, மார்பு என்று முதலில் நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். பெரியவர் அப்படித்தான் செய்தார். ஆற்றில் முழுக்குப் போடுகிறவர் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. அதற்குப் பிறகு கரையேறவே மாட்டேன் என்றார்.

நீச்சல் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் முழுப் பலன். பொசிடோனியா வெளி காற்றடித்த வயல் மாதிரி சாயாமல், மிக நிதானமாக ஒரே திசையில் அசைகிறது. அதற்கு மேலே கறுப்பு வால் புள்ளி போட்ட மீன் கூட்டம், கைக்கெட்டும் தூரத்தில், பயமில்லாமல். பூங்காவின் கடற்பரப்பில் மீன்பிடிக்க முழுத் தடை உள்ள பகுதிகள் இருக்கின்றன. மத்தியதரைக்கடலில் அருகிப்போன கலவா மீன் இந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டுவதற்கு அந்தத் தடைகளும் ஒரு காரணம் என்கிறார்கள்.

பகெத் ரொட்டிக்குள் தேங்காய்ச் சம்பல் வைத்துச் சாப்பிடும்போது விட்ட இடத்திலிருந்து வாக்குவாதம் தொடங்கியது. "கடலுக்கு டோக்கன் போடுறது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார் ஒருவர். அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மார்சேயில் பொது நீச்சல் குளங்கள் போதவில்லை என்பது நெடுநாள் புகார். ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குக் காசில்லாத ஒரே கோடை விளையாட்டு கடல்தான். மூன்று நாள் முன்னதாக இணையத்தில் உட்கார்ந்து இடம் பிடிக்கிறவர் யார், பிடிக்கத் தெரியாதவர் யார் என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. கஸ்ஸிக்கு நேர் எதிரே, கடலுக்குள் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருக்கிறது. கார்தான் ஊரின் அலுமினா தொழிற்சாலையிலிருந்து குழாய் போட்டு, 1960-களின் நடுவிலிருந்து 2015 முடிய, இரண்டு கோடி டன்னுக்கு மேல் சிவப்புச் சேற்றைக் கொண்டுபோய் அதில் கொட்டினார்கள். அனுமதி கொடுத்தது அரசு. 2012-ல் தேசியப் பூங்கா என்று பலகை நட்ட பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் சேறு போய்க்கொண்டுதான் இருந்தது. துண்டும் தண்ணீர்ப் புட்டியுமாக வருகிறவனிடம் குறியீடு கேட்கும் கறார், அந்தக் குழாயிடம் அரை நூற்றாண்டு காலம் காட்டப்படவில்லை.

இருந்தும் என் ஓட்டு 400-க்குத்தான். தொழிற்சாலை தப்பு செய்தது என்பதற்காகப் பைன் வேரை நாம் மிதிக்க உரிமை வந்துவிடாது. கட்டணம் வைத்து வடிகட்டியிருந்தால் பணக்காரன் மட்டும் உள்ளே போயிருப்பான். எண்ணிக்கை வைத்து, காசு வாங்காமல் வடிகட்டுவது அதைவிட எவ்வளவோ நேர்மை. நகரத்துப் பிள்ளைகளுக்கென்று அந்த 400-ல் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் மிச்ச உறுத்தலும் தீரும்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பிடிமானமுள்ள காலணி அவசியம். வரைபடத்தை முந்தின நாள் மாலை பாருங்கள், சிவப்பு என்றால் வாதாடாமல் வேறு வேலை பாருங்கள். கொண்டுபோன குப்பை திரும்பி வரவேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட. மிஸ்த்ரால் அடித்த மறுநாள் நீந்துவதாக இருந்தால் பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு செப்டம்பர் கடைசியில் போங்கள். கோடை முழுக்கச் சேர்த்த சூடு அப்போதும் தண்ணீரில் மிச்சமிருக்கும், பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டதால் பாதையில் முட்டி மோத வேண்டியிருக்காது.